புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா? குன்னூர் வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. குன்னூரில் இருக்கிறேன். பேரனுக்காக நாலடி நீளத்தில் ஒரு உப்புநீர் மீன்தொட்டி வைத்தோம், சுமார் 250 லிட்டர். இரண்டு கோமாளி மீன், ஒரு மஞ்சள்வால் டேம்சல், ஒரு கோபி, ஒரு க்ளீனர் இறால், சில நத்தைகள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. தீபாவளிக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ப்ளூ டேங் மீன் வாங்கிவந்து நேராகத் தொட்டியில் விட்டோம். பத்து நாளில் அதன் உடம்பில் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். கடையில் கொடுத்த நீல மருந்தை ஊற்றியதும் நாலு நாளில் புள்ளிகள் போய்விட்டன. ஒரு வாரம் கழித்து எல்லா மீனுக்கும் வந்துவிட்டது. டேங் செத்துப்போனது. ஒரு கோமாளி மீன் வேகமாக மூச்சு வாங்குகிறது. நடுவில் மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் தண்ணீர் 18 டிகிரிக்கு இறங்கியது. நன்னீர் மீனுக்குச் செய்வதுபோல 30 டிகிரிக்கு ஏற்றலாமா? பக்கத்து எஸ்டேட் மேஸ்திரி ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடச் சொல்கிறார். பூண்டு போடச் சொல்கிறவர்களும் உண்டு. எது சரி? இனிமேல் வராமலிருக்க என்ன வழி? பேரன் இன்னொரு டேங் வேண்டும் என்கிறான்.

பதில்: டீச்சர், வணக்கம். மற்றதெல்லாம் அப்புறம். மூச்சு வாங்கும் கோமாளி மீன்தான் இன்றைய வேலை.

இப்போதே இன்னொரு ஏர் பம்ப்பைப் போட்டு, தண்ணீரின் மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி செய்யுங்கள். சமவெளியில் இருப்பவர்களுக்கு இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜனும் அதே அளவுக்குக் குறையும். 26 டிகிரி உப்புநீர் சென்னையில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் வரை ஆக்ஸிஜன் பிடிக்கும் என்றால், உங்கள் வீட்டில் எவ்வளவு காற்று ஊதினாலும் 5.4 தாண்டுவது கஷ்டம். நலமாக இருக்கும் மீன் இதைச் சமாளித்துக்கொள்ளும். செவுளில் ஒட்டுண்ணி உட்கார்ந்துவிட்ட மீனுக்கு அந்த வித்தியாசமே உயிர்ப் பிரச்சினை.

30 டிகிரிக்கு ஏற்றலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே பாதி பதில் வந்துவிட்டது. சூடு ஏற ஏற ஆக்ஸிஜன் இன்னும் குறையும், மீனின் மூச்சுத் தேவையோ கூடும். மீதிப் பாதி: நன்னீரில் வரும் வெண்புள்ளியும் கடல்நீரில் வரும் வெண்புள்ளியும் வேறு வேறு உயிரிகள். நன்னீர்க் கிருமி 30 டிகிரியில் திணறும். கடல்நீர்க் கிருமி வெப்பக் கடலிலேயே வாழ்வது. 30 டிகிரியில் அது சாகாது, தன் வேலையை இன்னும் சீக்கிரம் முடித்துக்கொள்ளும். ஹீட்டரை 26இல் வையுங்கள்.

அடுத்து, இது என்ன நோய் என்று தெரிய வேண்டும். வெண்புள்ளி என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் புள்ளி குறைவாக இருந்து மூச்சு மட்டும் அதிகமாக வாங்கினால் வேறு இரண்டு சந்தேகங்கள் வரவேண்டும். ஒன்று வெல்வெட். அமிலோடினியம் என்ற ஒட்டுண்ணியால் வருவது. புள்ளிகள் உப்புக்கல் அளவில் இருக்காது. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் மங்கலான பொன்னிறத் தூள் படிந்திருப்பது தெரியும். மீன் வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும், பம்ப் தண்ணீர் பாயும் இடத்திலேயே முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் செவுளைத்தான் முதலில் தாக்கும் என்பதால், வெளியே ஒன்றும் தெரியாமலே ஓரிரு நாளில் மொத்தத் தொட்டியும் காலியாகலாம். இன்னொன்று புரூக்ளினெல்லா. கோமாளி மீன்களுக்கு, அதிலும் கடலில் பிடித்தவற்றுக்கு, அதிகம் வரும். தோலில் பிசுபிசுவென்று வெள்ளைச் சளி கட்டி, திட்டுத்திட்டாக உரியும்.

இவை மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. ஒன்றைக் குணமாக்கும் முறை மற்றதைத் தொடாமலே போகலாம். அதனால்தான் கண்ணால் பார்த்து மருந்து கொடுக்கும் கடைக்காரர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. பலருக்கும் இல்லாத வசதி உங்களுக்கு இருக்கிறது: நீங்கள் வேலைபார்த்த பள்ளியின் நுண்ணோக்கி. கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடியுங்கள். கண்ணாடிச் சில்லின் மழுங்கிய ஓரத்தால், பக்கத் துடுப்புக்குப் பின்னாலிருந்து வால்பக்கமாக லேசாக ஒரு இழுப்பு. வரும் சளியை ஸ்லைடில் வைத்து, ஒரு சொட்டுத் தொட்டித் தண்ணீர் விட்டு மூடி, பத்து நிமிடத்துக்குள் பாருங்கள். முதலில் 40 மடங்கு, அப்புறம் 100. மீன் அரை நிமிடத்துக்கு மேல் தண்ணீருக்கு வெளியே இருக்கக் கூடாது. ஆகவே ஒருவர் பிடிக்க, ஒருவர் சுரண்டுங்கள். நுண்ணோக்கியை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவது நல்லது.

உருண்டையாக, உள்ளே வெளிச்சம் புகாமல் அடர்த்தியாக, மெதுவாகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தால் வெண்புள்ளி. பேரிக்காய் வடிவில், பழுப்பாக, அசையாமல் ஒட்டிக்கிடந்தால் வெல்வெட். இதயமோ சிறுநீரகமோ போன்ற வடிவத்தில் சரசரவென்று ஊர்ந்தால் புரூக்ளினெல்லா. பின்பக்கம் கொக்கியோடு தட்டையாக ஒரு புழு நெளிந்தால் அது ஃப்ளூக், ஒற்றைச் செல் சமாசாரமே அல்ல. ஸ்லைடை ஃபோனில் படம் எடுத்து உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மாடும் நாயும் பார்ப்பவர்தான் என்றாலும் ஒட்டுண்ணி பார்த்துப் பழகிய கண் அது.

சரி, வெண்புள்ளிதான் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். ‘மருந்து ஊற்றியதும் நாலு நாளில் போய்விட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து ஊற்றாமல் இருந்திருந்தாலும் போயிருக்கும். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

கிரிப்டோகாரியன் இரிட்டன்ஸ் என்பது இந்தக் கிருமியின் பெயர். மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று கொழுக்கிறது. நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புள்ளி இந்தக் கட்டம்தான். தோலுக்குள் இருப்பதால் தண்ணீரில் கலக்கும் மருந்து அதை எட்டாது. வயிறு நிறைந்ததும், பெரும்பாலும் இருட்டு நேரத்தில், மீனைவிட்டு இறங்கிவிடுகிறது. புள்ளி ‘மறைவது’ இதுதான். இறங்கியது சில மணி நேரம் மணலிலும் கல்லிலும் ஊர்ந்து, எங்காவது ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டுகிறது. அந்தக் கூட்டுக்குள்ளும் மருந்து நுழையாது. உள்ளே பிரிந்து பிரிந்து, ஒரு கூட்டிலிருந்து 200க்கும் மேற்பட்ட குஞ்சுகள்கூட வெளியே வரலாம். அவை ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் சாவு. நீந்தித் திரியும் இந்தச் சின்னக் கட்டத்தில் மட்டும்தான் மருந்தால் அதைக் கொல்ல முடியும்.

ஆக, நாலாம் நாள் உங்கள் டேங் சுத்தமாகத் தெரிந்தபோது தொட்டியின் தரை முழுக்கக் கூடுகள் இருந்தன. அடுத்த வாரம் வெடித்தன. மற்ற மீன்களுக்கும் வந்தது.

கூடு வெடிக்க எத்தனை நாள் ஆகும்? பெரும்பாலானவை மூன்றிலிருந்து ஏழு நாளில் வெடித்துவிடும். சில 28 நாள் வரை இழுக்கும். பதிவானவற்றில் மிக நீண்டது 72 நாள். அதனால்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் 76 நாள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: எல்லா மீனையும் வெளியே எடுத்துவிட்டு, 76 நாள் ஒரு மீன்கூட இல்லாமல் தொட்டியை ஓடவிட்டால், வெடித்து வரும் குஞ்சுகள் பிடிக்க மீன் கிடைக்காமல் அழிந்துபோகும். இறாலும் நத்தையும் அங்கேயே இருக்கலாம். இந்தக் கிருமி அவற்றின் உடம்பில் வளராது. தொட்டியின் நல்ல பாக்டீரியா பட்டினி கிடக்காமலிருக்க இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு துளி தீனி போட்டால் போதும், இறாலும் அதைச் சாப்பிட்டுக்கொள்ளும்.

ஆனால் இந்த 76 நாள் கணக்கு வெதுவெதுப்பான தண்ணீருக்கு. மலைக்காரர்கள் சறுக்குவது இங்கேதான். மீன்தான் இல்லையே, கரண்ட் பில் எதற்கு என்று ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். குளிரில் கிருமி சாகாது, அதன் கடிகாரம்தான் மெதுவாகும். 12 டிகிரி அளவில், ஆக்ஸிஜன் குறைந்த நீரில் வைத்த கூடுகள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, சூடு வந்ததும் வெடித்துக் கிளம்புவதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் ஹீட்டர் இல்லாத தொட்டி ஒன்று குன்னூர் வீட்டில் எந்த அளவுக்குக் குளிரும் என்பது உங்களுக்கே தெரியும். டிசம்பர் 1ஆம் தேதி கடைசி மீனை எடுத்தீர்கள் என்றால் பிப்ரவரி 15 வரை தொட்டி 26, 27 டிகிரியில் இருக்க வேண்டும். நடுவில் கரண்ட் போய்த் தண்ணீர் 20க்குக் கீழே கிடந்த நாட்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டு, அதே அளவு நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். காலண்டரில் குறித்துவைக்கும் வேலையைப் பேரனிடம் கொடுக்கலாம்.

வெளியே எடுத்த மீன்களுக்கு என்ன செய்வது? கையில் காப்பர் அளக்கும் கிட் இல்லாத வீட்டுக்கு நான் சொல்வது தொட்டி மாற்றும் முறை. மருந்தே வேண்டாம். கிருமி மீனைவிட்டு இறங்கிக் கூடு கட்டி வெடிப்பதற்கு மூன்று நாளாவது ஆகும் என்பதைப் பயன்படுத்திக்கொள்ளும் முறை இது. 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் இரண்டு வாங்குங்கள். சமையலறைச் சாமான் கடையில் கிடைக்கும் சாதாரண டப் போதும், நாலு சின்ன மீனுக்குத் தாராளம். ஒவ்வொரு டப்புக்கும் மறைந்துகொள்ள இரண்டு பிவிசி எல்போ, ஒரு ஹீட்டர், ஒரு ஏர் ஸ்டோன், மேலே மூடி. மணலும் கல்லும் வேண்டாம். முதல் நாள் மீன்களை முதல் டப்பில் விடுங்கள். நாலாம் நாள் காலை இரண்டாவது டப்புக்கு மாற்றுங்கள். அப்புறம் ஏழாம் நாள், பத்தாம் நாள், பதின்மூன்றாம் நாள். மொத்தம் நாலு மாற்றம். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்கிய உப்புநீர். பழைய டப்பின் தண்ணீர், வலை, ஏர் ஸ்டோன், ஹீட்டர் எதுவும் புதிய டப்புக்கு வரக் கூடாது. மீனோடு வரும் தண்ணீரும் முடிந்தவரை குறைவாக இருக்கட்டும். 72 மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். ‘இன்றைக்கு முடியவில்லை, நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்’ என்று விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பதின்மூன்றாம் நாள் போகும் டப்பே அவற்றின் தற்காலிக வீடு. அதில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டுப் பிப்ரவரி வரை வைத்திருக்கலாம். டப் சின்னது, அம்மோனியா சீக்கிரம் ஏறும். தினமும் அளந்து, வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள். ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியில் ஊறப்போட்டு எடுத்துவராதீர்கள், கூடும் சேர்ந்தே வரும்.

சமவெளிக்கு எழுதிய குறிப்புகளில் பழைய டப்பைக் கழுவி வெயிலில் காயவை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். காய்ந்தால் கூடு சாகும், உண்மைதான். ஆனால் நவம்பர் பனிமூட்டத்தில் குன்னூரில் துணியே மூன்று நாள் காய்வதில்லை. அதனால் டப், வலை, குழாய் எல்லாவற்றையும் ப்ளீச் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பலமுறை நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, ஹேர் டிரையர் காட்டி, அடுப்பங்கரைப் பக்கம் கவிழ்த்துவையுங்கள். தொட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கக் கூடாது. புது உப்புநீரை முந்தின இரவே கலக்கி, ஹீட்டரும் ஏர் ஸ்டோனும் போட்டுவிடுங்கள். 15 டிகிரியில் இருக்கும் குழாய்த் தண்ணீர் 26க்கு வர விடிந்துவிடும்.

ஹீட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லிட்டருக்கு ஒரு வாட் என்று கடையில் சொல்வது கோவை, சென்னைக் கணக்கு. அறையே 14 டிகிரியில் இருக்கும் வீட்டில் 40 லிட்டருக்கு 100 வாட் வேண்டும். பெரிய தொட்டிக்கு 200 வாட் ஹீட்டர் இரண்டு போடுங்கள். ஒன்று பழுதானாலும் இன்னொன்று தாங்கும். தொட்டியின் பின்புறமும் பக்கங்களும் தெர்மோகோல் ஒட்டினால் பாதி வேலை முடிந்த மாதிரி. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஏர் பம்ப்பை முதலில் போடுங்கள், ஹீட்டர் அதற்கப்புறம். சூட்டுக்கு, மூடி இறுக்கமான பாட்டில்களில் வெந்நீர் நிரப்பித் தொட்டியில் மிதக்கவிட்டு, ஒரு கம்பளியைச் சுற்றிவிடலாம். இரண்டு நாள் 18 டிகிரியில் கிடந்தது உங்கள் மீன்களின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்திருக்கும். ஆனால் நோய் கொண்டுவந்தது கரண்ட் கட் அல்ல, அந்த டேங்தான்.

மயில்துத்தம். மேஸ்திரி சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது என்பதால்தான் அது ஆபத்து. மயில்துத்தம் என்பது காப்பர் சல்ஃபேட். காப்பர் பல காலமாக வெண்புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் கொடுக்கும் மருந்துதான். ஆனால் அளவைப் பாருங்கள்: லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் காப்பர். குறைந்தால் கிருமி சாகாது, கூடினால் மீன் சாகும். மயில்துத்தத்தில் கால் பங்குதான் காப்பர் என்று கணக்குப் போட்டால், 250 லிட்டருக்கே 200 மில்லிகிராம் மயில்துத்தம், அதாவது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. சிட்டிகை என்பது அதைவிட அதிகமாகத்தான் வரும். போட்டபிறகும் அந்த அளவு நிற்காது. சுண்ணாம்புக் கல்லும் பவள மணலும் காப்பரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் தினமும் இரண்டு வேளை அளந்து ஈடுகட்டி, இரண்டு மூன்று வாரம் விடாமல் அதே அளவில் வைத்திருக்க வேண்டும். உறிஞ்சிய கல் பின்னாளில் கசியவும் செய்யும். பெரிய தொட்டியில் போட்டால் இறாலும் நத்தையும் முதலில் போகும். அந்தத் தொட்டியில் அப்புறம் இறால் வைப்பதே சந்தேகம்தான்.

வெல்வெட் என்று ஸ்லைடில் தெரிந்தால் மட்டும் காப்பருக்கு வாருங்கள். அப்போதும் தனி டப்பில்தான். மீன் மருந்தாக விற்கும், லேபிளில் அளவு எழுதிய, செலேட் செய்த (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த) காப்பரை, அதற்குரிய டெஸ்ட் கிட்டோடு வாங்குங்கள். அதன் அளவு வேறு, லிட்டருக்கு 2 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். மயில்துத்தக் கணக்கை அதற்குப் போட்டுவிடாதீர்கள். தேயிலைக் கொப்புள நோய்க்கு மழைக்காலத்தில் அடிக்கும் காப்பர் ஆக்ஸிக்ளோரைடும் இதுவும் ஒன்றுதானே என்று சிலர் கேட்கிறார்கள். அது தண்ணீரில் கரையாத தூள், இலையில் படிவதற்காகச் செய்தது. தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். கூரை மழைநீரையோ தோட்டத்து ஓடைத் தண்ணீரையோ பிடித்து உப்பு கலக்கும் பழக்கம் இருந்தால், மருந்தடிக்கும் மாதங்களில் நிறுத்திவிடுங்கள். காரணம் தெரியாமல் இறால் சாகும் மலைவீட்டுத் தொட்டிகளில் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

உங்கள் கடைக்காரர் கொடுத்த நீல மருந்தைப் பற்றி ஒரு ஊகம். க்ளீனர் இறால் செத்ததாக நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் அதில் காப்பர் இருந்திருக்காது, மெத்திலீன் ப்ளூவாகத்தான் இருக்கும். வெண்புள்ளியை அது ஒன்றும் செய்யாது. ஆனால் ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவைக் கெடுக்கும். இன்றே அம்மோனியா அளந்து பாருங்கள். கோமாளி மீன் மூச்சு வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஏறியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, ஃபில்டரில் கார்பன் பை ஒன்றைப் போடுங்கள்.

பூண்டு தீனியின் மணத்தைக் கூட்டும், சாப்பிட மறுக்கும் சில மீன் சாப்பிடும். அவ்வளவுதான். க்ளீனர் இறால் பார்க்க அழகு, தோலுக்குள் இருக்கும் கிருமியை அது எடுக்காது. யு.வி. விளக்கு நீந்தும் குஞ்சுகளில் ஒரு பங்கைக் கொல்லும், கூட்டைத் தொடாது.

உப்பைக் குறைத்துக் குணப்படுத்தும் முறையும் உண்டு. தண்ணீரின் அடர்த்தியை 1.009க்கு இறக்கி, கடைசிப் புள்ளி மறைந்தபிறகு நாலு வாரம் வைத்திருப்பது. நன்றாக வேலை செய்யும், ஆனால் உப்பின் அளவைக் காட்டும், சரிபார்த்த ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். முள் ஆடும் பிளாஸ்டிக் மீட்டரை நம்பி இதில் இறங்கக் கூடாது, 1.011இல் நின்றுவிட்டால் கிருமி தப்பித்துவிடும். மலைத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். உப்பைக் குறைத்ததும் பிஎச் சரியும், சமையல் சோடா போட்டுத் தாங்க வேண்டியிருக்கும். வெல்வெட்டாக இருந்தால் இது பயன்படவே படாது. உங்களுக்கு டப் மாற்றுவதே சுலபம்.

ஸ்லைடில் புரூக்ளினெல்லா தெரிந்தால் ஃபார்மலின் குளியல்தான் பழைய, நம்பகமான வழி. மருத்துவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஆவி கெடுதல், பேரன் பக்கத்தில் இருக்கக் கூடாது, ஏர் ஸ்டோன் பலமாக ஓட வேண்டும். மலையில் இதற்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: ஃபார்மலின் பாட்டில் கடுங்குளிரில் கிடந்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவு மீனுக்குக் கொடிய விஷம். ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் வாரங்களில் கொட்டகையில் வைத்த பாட்டில் என்றால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் தொடவே தொடாதீர்கள். ஃப்ளூக் என்றால் பிராசிகுவாண்டல் என்ற புழு மருந்து, லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம். முட்டைகளை அது கொல்லாது, அதனால் ஒரு வாரத்தில் இன்னொரு தடவை. நாய்க்குக் கொடுக்கும் மாத்திரையில் வேறு மருந்துகளும் கலந்திருக்கும், அதைப் பொடித்துப் போடாதீர்கள்.

இனிமேல் வராமலிருக்க என்ன வழி என்பதற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஈரமாக வரும் எதுவும் நேராகப் பெரிய தொட்டிக்குள் போகக் கூடாது. புது மீன் என்றால் அதே டப்பில் ஒரு மாதம். அதில் முதல் 13 நாள் மேலே சொன்ன மாற்றும் முறை, அப்புறம் பிராசிகுவாண்டல், மீதி நாள் வெறுமனே கவனிப்பது. புள்ளி ஒன்றுமே இல்லையே என்று இதைத் தவிர்க்க வேண்டாம். ஒருமுறை நோய் வந்து தப்பித்த மீனுக்குச் சில மாதம் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும், அதன் உடம்பில் ஒன்றிரண்டு கிருமி செவுளில் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்ந்துகொண்டிருக்கும். பார்க்க நல்ல மீன், கொண்டுவருவது நோய். நத்தையும் இறாலும் நோய்வாய்ப்படாது, ஆனால் ஓட்டின்மேல் கூடு ஒட்டியிருக்கலாம். அவற்றையும் மீனில்லாத தொட்டியில் அதே 76 நாள் வைப்பதுதான் முழுப் பாதுகாப்பு. டப்பைப் பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல் வேறு அறையில் வையுங்கள், குமிழி வெடித்துத் தெறிக்கும் துளியிலேயே வெல்வெட் பரவும். வலையும் கையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கூடாது.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலிலிருந்து எடுத்த ‘லைவ் ராக்’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். நம் கடலின் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு பவளக் கல் எடுத்து வந்தாலும் குற்றம்தான். நோய்க் கணக்கிலும் அது நஷ்டம்தான், ஏனென்றால் கூடு ஒட்ட அதைவிட நல்ல இடம் இல்லை. சுட்ட மண்ணில் செய்த செயற்கைக் கல் போதும், இரண்டு மாதத்தில் அதில் பாக்டீரியா குடியேறிவிடும்.

மீன் வாங்கும்போது, பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீனாகக் கேளுங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் பல ஆண்டுகளாகக் கோமாளி மீன்களைப் பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள், அந்த வழியில் வந்த பண்ணை மீன்கள் சந்தையில் உண்டு. கடலில் பிடித்ததைவிட நோய் குறைவு. ஆனால் கடையில் எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே ஃபில்டர் ஓடினால் பண்ணை மீனுக்கும் பக்கத்துத் தொட்டி நோய் வரும், அதனால் டப் தப்பாது. மலைக்குக் கொண்டுவரும்போது பையை முழுக்க ஊதிக் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். மேட்டுப்பாளையம் தாண்டி ஏற ஏற வெளியே அழுத்தம் குறைந்து பை உப்பும், முடிச்சு கசியும். தெர்மோகோல் பெட்டி கட்டாயம். குன்னூர் பஸ் ஜன்னலோரம் பையை மடியில் வைத்து வந்தால், கீழே 27இல் கிளம்பிய தண்ணீர் மேலே வரும்போது 20இல் இருக்கும்.

பேரனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ப்ளூ டேங் 30 சென்டிமீட்டர் வரை வளரும் மீன், நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும். நாலடித் தொட்டி அதற்குப் போதாது. போதாத இடத்தில் மன அழுத்தத்தோடு இருக்கும் டேங்கைத்தான் வெண்புள்ளி முதலில் பிடிக்கிறது. அதன் உறவான பவுடர் ப்ளூ டேங் இன்னும் மோசம். மாண்டரின் போல அடர்ந்த சளிப்பூச்சு உள்ள மீனுக்கு வெண்புள்ளி குறைவாக வரும், ஆனால் உங்கள் புதுத் தொட்டியில் அது தின்னும் சின்னஞ்சிறு உயிரினங்கள் இருக்காது, பட்டினியில் போய்விடும். பிப்ரவரிக்கு அப்புறம், இப்போது இருக்கும் மீன்கள் திரும்பி வந்து ஒரு மாதம் ஓடியபிறகு, பண்ணையில் வளர்ந்த இன்னொரு கோபியோ ஒரு ராயல் கிராமாவோ வாங்கிக் கொடுங்கள். அதையும் முதலில் டப்பில்தான் விட வேண்டும் என்று இப்போதே அவனிடம் சொல்லிவையுங்கள்.